கட்டுரையைத் திறந்து படித்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கேர்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட, ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டதையடுத்து, எந்த ஆய்விதழை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது தொடர்பாகத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். பட்டியல் இருந்த இடத்தில் இனி ‘தாக்கக் காரணி’யை, அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும், ஆசிரியர் அறைகளில் எல்லோரும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்று சொல்லும் அந்த ஒற்றை எண்ணை, வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற பேச்சு பல இடங்களில் எழுந்திருப்பதை அறிகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசியல் அறிவியல் துறையில் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உலக அரசியலைப் பற்றிய ஆய்விதழ்களைப் பொறுத்தவரை அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கல்லூரியின் நேர்காணலுக்குப் பாட வல்லுநராக அழைக்கப்பட்டிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. மேசையில் எங்கள் ஒவ்வொருவர் முன்பும் விண்ணப்பதாரர்களின் விவரங்கள் அடங்கிய நீளமான அட்டவணைத் தாள் வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கட்டம் தாக்கக் காரணிக்கானது. நான்காவதாக வந்த இளம்பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று அச்சாகியிருந்தது. அவருடைய கட்டுரை பாக் நீரிணையிலும் அதை ஒட்டிய கடற்பகுதிகளிலும் இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் 1976-இலும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தங்களைப் பற்றியது. தேநீர் இடைவேளையில் கோப்பிலிருந்து அதை எடுத்துப் படித்தேன். ராமேசுவரத்திலும் பாம்பனிலும் விசைப்படகு உரிமையாளர்கள் கைப்பட எழுதி வைத்திருக்கும் லாங் சைஸ் நோட்டுகளை அவர் பக்கம் பக்கமாகப் பார்த்திருந்தார். எந்த நாளில் கடலுக்குப் போக டோக்கன் வாங்கினார்கள், எந்தப் படகு போனது, எத்தனை மணி நேரம் ஓடிய பிறகு வலை இறக்கினார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கிறது. ஒப்பந்தம் கடலை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளால் வகுக்கிறது. படகு ஓட்டுபவரோ அதே கடலை ‘இத்தனை மணி நேர ஓட்டம்’ என்று அளக்கிறார். இந்த இரண்டு அளவுகளும் எங்கே மோதுகின்றன என்பதை மூலச் சான்றுகளோடு காட்டிய கட்டுரை அது. என் பணிக்காலத்தில் அந்தப் பிரச்சினையைப் பற்றி நான் படித்தவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று இன்றும் சொல்வேன்.

இடைவேளைக்குப் பின் இதை நான் குழுவில் எடுத்துச் சொன்னபோது, தலைமையிலிருந்தவர் கனிவாகவே, “ஐயா, விதியில் அதற்கு இடமில்லையே” என்றார். அவர் சொன்னது உண்மை. அடுத்து வந்தவரின் கட்டுரை தாக்கக் காரணி 2-க்கு மேல் உள்ள ஓர் இதழில் வந்திருந்தது. அவருக்கு உரிய புள்ளிகள் சேர்ந்தன. அதுவும் நல்ல கட்டுரையாகவே இருந்திருக்கக்கூடும். அதையும் அந்த அறையில் எவரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தை இன்றுவரை உறுத்துகிறது.

அந்த விதி என்ன என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஆசிரியரின் ஆய்வு மதிப்பெண்ணைக் கூட்டும்போது, தாக்கக் காரணி இல்லாத தரமான ஆய்விதழில் வந்த கட்டுரைக்குக் கூடுதலாக 5 புள்ளிகள். 1-க்குக் குறைவான இதழுக்கு 10. 1 முதல் 2 வரை 15. 2 முதல் 5 வரை 20. 5 முதல் 10 வரை 25. 10-க்கு மேலிருந்தால் 30. மருத்துவத்தில் 50-ஐத் தாண்டிய தாக்கக் காரணி உள்ள இதழ்கள் உண்டு. பன்னாட்டு உறவுகள் துறையில் உலகம் முழுவதும் மதிக்கப்படும் இதழ்கள்கூடப் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கின்றன. மருத்துவரும் அரசியல் அறிவியலாளரும் ஒரே படிக்கல்லால் நிறுக்கப்படுகிறார்கள். மேலும், தாக்கக் காரணியைத் ‘தாம்சன் ராய்ட்டர்ஸ்’ பட்டியலைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்கிறது அந்த ஒழுங்குமுறை. அந்த நிறுவனம் இந்தத் தொழிலை 2016-லேயே விற்றுவிட்டது. அன்று முதல் எண்களை வெளியிட்டு வருவது கிளாரிவேட் என்ற நிறுவனம். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் ஓர் அளவுகோலை யார் வெளியிடுகிறார்கள் என்பதுகூடச் சரிபார்க்கப்படவில்லை என்பது எனக்குப் பெருத்த வருத்தம்.

இந்த எண்ணின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் அறிவியல் தகவல் நிறுவனத்தைத் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்டு, ஒரு கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுத்தால் அறிவின் வழித்தடம் புலப்படும் என்ற யோசனையை 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்தார். 1960-களில் அறிவியலுக்கான மேற்கோள் அட்டவணையும், அடுத்த பத்தாண்டில் சமூக அறிவியலுக்கான அட்டவணையும் வந்தன. ஆயிரக்கணக்கான இதழ்களில் எவற்றை அட்டவணையில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று நூலகர்களுக்கும் ஒரு வழிகாட்டி தேவைப்பட்டது. அதற்காகப் பிறந்ததுதான் தாக்கக் காரணி. தனி ஆய்வாளரின் தகுதியை இதைக் கொண்டு மதிப்பிடக் கூடாது என்று கார்ஃபீல்டே பலமுறை எச்சரித்திருக்கிறார். நூலகச் சந்தாவுக்காகச் செய்த தராசில் இன்று மனிதர்களை நிறுக்கிறோம்.

கணக்கு எளிமையானதுதான். 2023-க்கான எண் வேண்டுமென்றால், அந்த இதழ் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் 2023-இல் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டாண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உலக அரசியல் பற்றிய இதழ்கள் பலவும் காலாண்டிதழ்கள். ஆண்டுக்கு முப்பது கட்டுரை வந்தாலே அதிகம். இரண்டாண்டில் 60 கட்டுரைகள், அவற்றுக்கு 150 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். தாக்கக் காரணி 2.5. அந்த 150-இல் 80 மேற்கோள்கள் ஒரே கட்டுரைக்கு உரியவை என்றால், மீதி 59 கட்டுரைகளுக்குச் சராசரி 1.2 கூட வராது. ஆனால் அந்த 59 பேரும் 2-க்கு மேற்பட்ட இதழில் எழுதியவர்களாகவே கருதப்பட்டு 20 புள்ளி பெறுவார்கள். இதை நானாகக் கற்பனை செய்து மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். படிகவியல் துறையின் ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற இதழின் தாக்கக் காரணி 2008-இல் 2.051 ஆக இருந்து, மறு ஆண்டே 49.926 ஆக உயர்ந்தது. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை, அதில் விளக்கப்பட்ட கணினி நிரலைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டியதால் வந்த உயர்வு அது. அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு ஓராண்டில் இருபத்து நான்கு மடங்கு உயர்ந்துவிடவில்லை. நெடுங்காலம் மூன்று தசம இலக்கம் வரை அச்சிடப்பட்டுவந்த இந்த எண்ணை, 2023 முதல் ஒரே தசம இலக்கத்தோடு கிளாரிவேட் நிறுத்திக்கொண்டது. வெளியிடுகிறவர்களே அத்தனை நுட்பம் இதில் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும், நம் நேர்காணல் அறைகளில் 1.9-க்கும் 2.1-க்கும் நடுவே ஒருவரின் வாழ்க்கை தீர்மானிக்கப்படுகிறது.

இரண்டாண்டு என்ற கால வரம்புதான் எங்கள் துறைக்குச் செய்யப்படும் பெரிய அநீதி. 1947-இல் தொடங்கப்பட்ட ‘இன்டர்நேஷனல் ஆர்கனைசேஷன்’ இதழை எடுத்துக்கொள்வோம். உலக அரசியல் துறையில் அதற்கு நிகரான மதிப்புள்ள இதழ்கள் மிகச் சில. ஒரு நாட்டின் தலைவர் வெளிநாட்டோடு பேசும்போதே உள்நாட்டு அரசியலோடும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ராபர்ட் புட்னம் 1988-இல் எழுதிய ‘இரண்டு அடுக்கு ஆட்டம்’ பற்றிய கட்டுரையும், நாடுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லாத நிலை எப்படிப்பட்டது என்பதை நாடுகளின் பரஸ்பர நடத்தையே தீர்மானிக்கிறது என்று அலெக்சாண்டர் வெண்ட் 1992-இல் எழுதிய கட்டுரையும் அதில் வந்தவை. இன்று உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை எடுத்தாலும் இவ்விரண்டும் வாசிப்புப் பட்டியலில் இருக்கும். ஆண்டுதோறும் புதிதாக மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அந்த மேற்கோள்களில் ஒன்றுகூட அந்த இதழின் இன்றைய தாக்கக் காரணியில் சேராது. ஏனென்றால் அவை மூன்றாம் ஆண்டிலேயே காலாவதியாகிவிட்டன. நான் பணியாற்றிய கல்லூரி நூலகத்தில் அந்த இதழின் பழைய தொகுதிகள் பைண்டு செய்து வைக்கப்பட்டிருந்தன. 1988-ஆம் ஆண்டுத் தொகுதியைக் கையில் எடுத்துத் தானாக விரிய விட்டால், புட்னத்தின் கட்டுரை உள்ள பக்கத்தில்தான் விரியும். ஓரங்களில் மூன்று தலைமுறை மாணவர்களின் பென்சில் கோடுகள். தமிழில் எழுதிய சிறு குறிப்புகள். தாளின் கீழ்முனை விரல் பட்டுப் பட்டு மெலிந்து பழுப்பேறியிருக்கும். பக்கத்திலிருந்த மற்ற கட்டுரைகளின் தாள்கள் வெளுப்பாகவே இருந்தன. ஒரு கட்டுரை எத்தனை பேரைத் தொட்டது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்றை நான் பார்த்ததில்லை.

மேற்கோள் காட்டுவதாலேயே ஒருவர் உடன்படுகிறார் என்று பொருளில்லை. சாமுவேல் ஹண்டிங்டன் 1993-இல் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் எழுதிய நாகரிகங்களின் மோதல் பற்றிய கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் எத்தனையோ பேர், அதைப் புள்ளிவிவரங்களோடு சோதித்து மறுப்பதற்காகவே காட்டினார்கள். லண்டனில் 1979-இல் தொடங்கப்பட்ட ‘தேர்டு வேர்ல்டு குவார்ட்டர்லி’, காலனியத்தால் பாதிக்கப்பட்ட நாடுகளின் குரலாக மதிக்கப்பட்ட இதழ். 2017 செப்டம்பரில் காலனி ஆட்சியை நியாயப்படுத்தும் கட்டுரை ஒன்று அதிலேயே வெளியானது. கண்டனம் எழுந்தது, ஆசிரியர் குழுவின் 34 பேரில் 15 பேர் சேர்ந்து பதவி விலகினர், இதழின் ஆசிரியருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததைக் காரணம் காட்டி அக்கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. மிரட்டல் எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இணையத்தில் ஒரு கட்டுரை எத்தனை முறை பேசப்பட்டது, பகிரப்பட்டது என்று கணக்கெடுக்கும் ‘ஆல்ட்மெட்ரிக்’ போன்ற புதிய அளவுகோல்களின்படி, பொறுமையாக எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தாண்டி அந்தக் கட்டுரை உயரத்தில் நின்றது. கோபமும் அந்த எண்ணில் கூடும், மறுப்பும் கூடும். எண்ணைக் கொண்டு மட்டும் பார்ப்பவருக்கு அது வெற்றியாகவே தெரியும்.

இதற்கு நேர்மாறான, மதிக்கத்தக்க காரணத்தாலும் எண் உயரலாம். ஆஸ்லோவிலிருந்து 1964 முதல் வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் பீஸ் ரிசர்ச்’ இதழில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று, 2002-இல் வந்த ஆயுத மோதல்கள் பற்றிய தரவுத் தொகுப்பின் அறிமுகம். ஓராண்டில் போர்முனையில் குறைந்தது 25 பேர் இறந்தால் அதை ஆயுத மோதலாகக் கொள்வது என்ற வரையறையோடு, 1946 முதல் நடந்த மோதல்களை அது வரிசைப்படுத்துகிறது. போரைப் பற்றி எண்ணிக்கையோடு எழுத முனைபவர் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டியிருக்கிறது. அது பெரும் தொண்டு. என்றாலும், ஒரு கருவியைப் பயன்படுத்தியதற்கான ஒப்புகைச் சீட்டும், ஒரு கருத்தால் மனம் மாறியதற்கான சான்றும் ஒரே கூடையில் எண்ணப்படுவது சரியாகாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உலக அரசியலைப் பற்றிய ஆய்வு யாரைச் சென்றடைய வேண்டும்? போர், அமைதி, வணிகம், அகதிகள், கடல் எல்லை என்று முடிவெடுப்பவர்களையும், அந்த முடிவுகளால் வாழ்வும் சாவும் நிர்ணயிக்கப்படும் மக்களையும். அவர்கள் யாரும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. அமெரிக்க அரசதந்திரி ஜார்ஜ் கென்னன் 1947 ஜூலையில் ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரை, சோவியத் ஒன்றியத்தைக் கட்டுப்படுத்தி நிறுத்துவது என்ற அமெரிக்கக் கொள்கைக்கே பெயர் கொடுத்தது. துறை வல்லுநர் மதிப்பாய்வு என்ற முறையே இல்லாத இதழ் அது. ஓர் எழுத்து உலக அரசியலில் எந்த அளவுக்குத் தாக்கம் செலுத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் தாம் சொன்னது முதன்மையாக அரசியல் வழியிலான கட்டுப்பாடு என்றும், அது இராணுவக் கொள்கையாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்றும் கென்னனே பின்னாளில் வருந்தி எழுதினார். தாக்கம் உண்டு, எழுதியவர் நினைத்த தாக்கம் அல்ல. இதை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மற்றொரு நிகழ்வையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2002 செப்டம்பர் 26 அன்று, ஈராக் மீது போர் தொடுப்பது அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததன்று என்று அந்நாட்டின் பன்னாட்டு உறவுகள் அறிஞர்கள் 33 பேர் கையெழுத்திட்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் கட்டண விளம்பரம் வெளியிட்டார்கள். கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் அவர்களுக்கு மேல் எவரும் இல்லை என்னும் அளவுக்கு எழுதிக் குவித்தவர்கள். அப்படிப்பட்டவர்களே தங்கள் கருத்தை நாட்டுக்குச் சொல்ல விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆறே மாதத்தில், 2003 மார்ச்சில், போர் தொடங்கிவிட்டது. அவர்களது ஆய்வுக்குத் தாக்கம் இல்லை என்று முடிவு கட்டுவதா? அவர்கள் எச்சரித்தது பின்னர் எவ்வளவு துல்லியமாகப் பலித்தது என்பதை உலகமே பார்த்தது. சரியாகச் சொன்னது வேறு, சொன்னது கேட்கப்பட்டது வேறு, சொன்னது திரும்பத் திரும்ப எழுதப்பட்டது வேறு. தாக்கக் காரணி மூன்றாவதை மட்டும், அதுவும் இரண்டாண்டுக்கு மட்டும் எண்ணுகிறது.

நல்ல கருத்து ஒன்று ஊருக்குள் இறங்கிவிட்டால் அதன் ஊற்றுக்கண் மறந்துவிடும். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர், ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிடும்போது முதலில் சொன்னவரின் பெயரை மேற்கோள் காட்டுவது நின்றுபோகும் என்று இதற்கு விளக்கம் தந்தார். நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் ஜோஹன் கால்டுங் 1969-இல் மேற்சொன்ன அமைதி ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், கத்தியோ துப்பாக்கியோ இல்லாமலே சமூக அமைப்பு மனிதரை வதைத்து ஆயுளைக் குறைப்பதற்குக் ‘கட்டமைப்பு வன்முறை’ என்ற கருத்தை விரிவாக வகுத்துத் தந்தார். சில ஆண்டுகளுக்கு முன் சாதிக் கொடுமையைப் பற்றிய ஒரு கூட்டத்தில், கல்லூரி வாசலை மிதித்திராத ஒரு தொழிற்சங்கத் தோழர், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மாண்டவர்களைப் பற்றிப் பேசுகையில், “இது விபத்து இல்லைங்க, கட்டமைப்பு வன்முறை” என்று சொன்னதை நான் கேட்டேன். நார்வேயில் பிறந்த ஒரு சொல், ஐம்பது ஆண்டுகள் கழித்து, தான் கண்ட சாவைத் தன் மொழியில் சரியாகப் பெயரிட்டுச் சொல்லும் வலிமையை அவருக்குக் கொடுத்திருந்தது. கால்டுங்கின் பெயர் அங்கே எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை ஆய்வின் தாக்கம் என்பதற்கு அதுதான் பொருள். எந்தத் தரவுத்தளத்திலும் அது பதிவாகாது.

யாரை மேற்கோள் காட்டுகிறோம் என்பதிலேயே சாய்வும் இருக்கிறது. 1980 முதல் 2006 வரை முன்னணி இதழ்களில் வந்த பன்னாட்டு உறவுகள் கட்டுரைகளை ஆராய்ந்து, மற்ற எல்லாக் கூறுகளையும் கணக்கில் கொண்ட பிறகும் பெண்கள் எழுதியவை ஆண்கள் எழுதியவற்றைவிடக் குறைவாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன என்று 2013-இல் மூன்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்ததும் ‘இன்டர்நேஷனல் ஆர்கனைசேஷன்’ இதழில்தான்; தன் துறையின் குறையைத் தானே அச்சிட்டுக்கொண்ட அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். மொழியின் நிலை இதைவிட மோசம். மேற்கோள் தரவுத்தளங்களில் ஆங்கிலமே கோலோச்சுகிறது. பாம்பன் படகு உரிமையாளரின் தமிழ் நோட்டை ஆதாரமாகக் கொண்டு தமிழில் ஒரு கட்டுரை எழுதினால், அதை மேற்கோள் காட்டுகிறவர்களும் தமிழிலேயே எழுதினால், அந்த உரையாடல் முழுவதும் எண்ணுகிறவர்களின் கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும்.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நான் அறிவேன். எண்ணை விட்டுவிட்டால் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகி, 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அப்போதைய பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்க நேர்ந்ததை மறக்க முடியாது. போலியைக் களைய ஒரு சல்லடை வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சல்லடையில் தங்கியது எல்லாம் ஒரே தரம் என்று கொள்வதும், சல்லடைக்குள் வராததெல்லாம் பதர் என்று கொட்டுவதும்தான் தவறு. எண்ணிலும் சிபாரிசு நுழையாமல் இல்லை. ‘எங்கள் இதழில் வந்த கட்டுரைகள் சிலவற்றையும் மேற்கோள் காட்டிவிடுங்கள்’ என்று இதழாசிரியர்களே கட்டுரையாளர்களை நெருக்கும் வழக்கம் உலகறிந்தது; தன் மேற்கோளைத் தானே ஊதிப் பெருக்கிய இதழ்களைக் கிளாரிவேட் தன் பட்டியலிலிருந்து விலக்கிவைத்தும் வந்திருக்கிறது.

மாற்று வழி உலகில் இல்லாமல் இல்லை. ஆய்வாளரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2013-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகக் கூறுகிறது. 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த லெய்டன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்தது. எண்கள் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணை நிற்க வேண்டும், வட்டார மொழிகளில் செய்யப்படும் உள்ளூர்ப் பொருத்தமுள்ள ஆய்வு காக்கப்பட வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். பிரிட்டனில் 2014-இல் நடந்த ஆய்வு மதிப்பீட்டில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆய்வு உண்டாக்கிய மாற்றத்துக்கு 20 சதவீத மதிப்பெண் ஒதுக்கினார்கள். 2021-இல் அதை 25 ஆக உயர்த்தினார்கள். இதழின் தாக்கக் காரணியை அங்கே கேட்கவில்லை. எந்த ஆய்வு, யாரிடம் போய்ச் சேர்ந்து, எதை மாற்றியது என்று சான்றுகளோடு நான்கு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். 2008-க்கும் 2013-க்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்துக்கு 1993 முதல் செய்த ஆய்வை ஆதாரமாகக் காட்டலாம் என்று இருபதாண்டு அவகாசமும் கொடுத்தார்கள். தீங்கு நேராமல் தடுத்ததும் தாக்கமே என்று ஏற்றுக்கொண்டார்கள். அங்கும் குறைகள் உண்டு. அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் சான்றுக் கடிதம் கேட்டுப் பேராசிரியர்கள் அலைய நேர்ந்தது. அரசின் காதுக்கு இனிமையாகச் சொல்பவருக்கே சான்று எளிதில் கிடைக்கும் என்ற ஆபத்தும் உண்டு. ஈராக் போரை எதிர்த்த 33 பேருக்கு அந்த ஆண்டில் யார் சான்றுக் கடிதம் கொடுத்திருப்பார்கள்? ஆயினும் அங்கே ஒருவர் அமர்ந்து, படித்து, யோசித்து மதிப்பெண் இடுகிறார். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

எனவே, புதிதாக விதி வகுக்கும் நிலையில் இருக்கும் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். போலி இதழ்களை அடையாளம் காண, மதிப்பாய்வு முறையும் ஆசிரியர் குழுவும் உண்மையானவையா என்று விசாரியுங்கள். நூலகர்களை அக்குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இதில் நம்மைவிட நல்ல அனுபவம் உண்டு. விண்ணப்பதாரர் தம் கட்டுரைகளில் சிறந்தவை என்று கருதும் இரண்டை மட்டும் முழுமையாகத் தரட்டும். அவை நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே பாட வல்லுநர்களின் வீட்டுக்கு வந்து சேரட்டும். படித்தவர் தம் கருத்தை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படைக்கட்டும். கையெழுத்து இருந்தால் சிபாரிசுக்கும் அச்சம் வரும். தமிழில் வந்த ஆய்வுக்கும் அதே கவனம் கிடைக்கட்டும். கட்டுரை எங்கே கற்பிக்கப்பட்டது, எந்த மக்கள் அமைப்பு அல்லது அரசுக் குழு அதைப் பயன்படுத்தியது என்று விண்ணப்பதாரர் சொல்ல விரும்பினால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மானியக் குழுவின் புள்ளிக் கணக்கு நடைமுறையில் இருக்கும்வரை அதைத் தவிர்க்க இயலாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு, நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதோடு நின்றுகொள்ளட்டும்.

பாக் நீரிணைக் கட்டுரையின் படி ஒன்றை அன்று அந்தப் பெண்ணிடமே கேட்டு வாங்கி வந்தேன். பணியிலிருந்த கடைசி ஆண்டு வரை முதுகலை மாணவர்களுக்கு அதைப் பாடமாக நடத்தினேன். நான் வைத்திருக்கும் அந்தப் படியின் ஓரங்களிலும் இப்போது பென்சில் கோடுகள் நிறைந்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியர்,
மதுரை.